வாரண்ட் நிலுவையில் இருக்கும்போது ஸ்டேட் ஐடி வாங்கப் போகலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் குடியிருந்தபோது, 2022இல், 40 மைல் சாலையில் 57 மைல் வேகத்தில் போனதாக நகரப் போலீஸ்காரர் ஒருவர் டிக்கெட் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மாதமே வேலை மாறி ஆஸ்டின் வந்துவிட்டோம். வீடு மாற்றிய அமளியில் டிக்கெட் எந்தப் பெட்டிக்குள் போனதோ, மறந்தே போனது. மூன்று மாதத்துக்கு முன் என் டிரைவிங் லைசென்ஸ் காலாவதியானது. ஆன்லைனில் புதுப்பிக்கப் பார்த்தால் முடியாது என்று வருகிறது. கோர்ட் தளத்தில் தேடினால் என் பெயரில் இரண்டு வாரண்ட் இருக்கிறது. வசூல் அலுவலகம் ஒன்றிலிருந்து மிரட்டல் தொனியில் கடிதமும் வந்திருக்கிறது. "தடை லைசென்ஸுக்குத்தான், நீ பேசாமல் ஸ்டேட் ஐடி கார்டு வாங்கிக்கொள்" என்கிறார் நண்பர். "அங்கே போனால் கையோடு பிடித்து வைத்துக்கொள்வார்கள்" என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி? எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. அடுத்த வருடம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணம். மாதக் கடைசியில் சிகாகோவுக்கு விமானத்தில் போக வேண்டும். போதாக்குறைக்கு அப்பா அம்மா கிரீன் கார்டில் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஐடி கார்டு எடுக்க நான்தான் கூட்டிப் போக வேண்டும்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆஸ்டின்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரி. சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சரி, நடைமுறையைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சரி. ஆனால் இருவருமே கவனிக்காத ஒன்று உண்டு. உங்களுக்கு ஐடி கார்டே தேவைப்படாது. உங்கள் கையில் இருப்பது மிகச் சிறிய ரக வாரண்ட். அதைத் தீர்க்கப் பெரும்பாலும் ஒரு காலைப்பொழுது போதும். தீர்ந்துவிட்டால் லைசென்ஸையே புதுப்பித்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம். டெக்சஸில் லைசென்ஸும் ஐடி கார்டும் கொடுப்பது பொதுப் பாதுகாப்புத் துறை, அதாவது டி.பி.எஸ். ஐடி கார்டுக்கு அவர்கள் பார்ப்பது நான்கு விஷயம்: நீங்கள் யார், இந்த நாட்டில் சட்டப்படி இருக்கிறீர்களா, சோஷியல் செக்யூரிட்டி எண், டெக்சஸ் முகவரி. வாரண்ட் இருந்தால் கார்டு கிடையாது என்று அந்தச் சட்டப் பிரிவில் எங்கும் இல்லை. உங்களுக்கு வந்த மறுப்பு வேறு வழியாக வந்தது. டிக்கெட்டுக்கு ஆஜராகாதவர்கள், அபராதம் கட்டாதவர்கள் பட்டியலை நகரங்களும் கவுண்டிகளும் ஒப்பந்தம் போட்டு டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பலாம் என்று போக்குவரத்துச் சட்டத்தின் 706ஆம் அத்தியாயம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால் டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுப்பார்கள். சட்டத்தில் இருப்பது லைசென்ஸ் என்ற சொல்தான். ஐடி கார்டு அதில் வராது. எல்லா நகரமும் இந்த ஒப்பந்தத்தில் இல்லை, உங்கள் நகரம் இருக்கிறது போலும்.

இது டெக்சஸ் கதை. மற்ற மாநிலங்களில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாசசூசெட்ஸில் வாரண்ட் நிலுவையில் இருந்தாலே லைசென்ஸ் முடங்கும். ஒஹையோவில் கோர்ட் தகவல் அனுப்பினால் லைசென்ஸ் கொடுப்பதும் புதுப்பிப்பதும் நிற்கும். அந்தந்த மாநில டி.எம்.வி. தளத்தில் ஐடி கார்டுக்கு என்ன விதி என்று தனியாகப் படிக்க வேண்டும்.

இனி நடைமுறை. மற்ற பல மாநிலங்களில் டி.எம்.வி. என்பது வண்டி, லைசென்ஸ் வேலைக்கான அலுவலகம் மட்டுமே. டெக்சஸில் லைசென்ஸ் அலுவலகம் நடத்தும் டி.பி.எஸ்.தான் நெடுஞ்சாலையில் உங்களை நிறுத்தும் ட்ரூப்பர்களின் துறையும். கவுன்ட்டரில் இருப்பவர் சாதாரண ஊழியர்தான், அவர் கைது செய்ய மாட்டார். ஆனால் உங்கள் பெயர், பிறந்த தேதி, கட்டைவிரல் ரேகை, புகைப்படம் எல்லாம் ஒரு போலீஸ் துறையின் கணினிக்குள் போகின்றன. சில அலுவலகங்களில் சீருடைக்காரர் ஒருவர் அதே கூரைக்குக் கீழே இருப்பார். செல்லும் வாரண்ட் ஒன்று கண்ணில் பட்டால் அவர் அதை நிறைவேற்றலாம், தடை எதுவும் இல்லை. சின்ன டிக்கெட் வாரண்டோடு போய்க் கார்டு வாங்கி வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அதை நம்பி நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். போகும் காரணம் என்ன? லைசென்ஸ் கிடைக்காததால் அதற்குப் பதில் ஒரு கார்டு. அந்தக் கார்டு கையில் வந்தாலும் வண்டி ஓட்ட முடியாது, வாரண்டும் அப்படியே இருக்கும்.

வண்டி என்றதும் ஒன்று. உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்: இந்த மூன்று மாதமாக யார் ஓட்டுகிறார்கள்? லைசென்ஸ் வெறுமனே காலாவதியாகி ஓட்டினால் 200 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். புதுப்பிக்க மறுக்கப்பட்ட பிறகு ஓட்டுவது வேறு குற்றம், செல்லாத லைசென்ஸோடு ஓட்டியது என்று அதற்குப் பெயர். முதல் தடவை அதுவும் அபராதத்தோடு போகும். இரண்டாம் தடவையோ, அந்த நேரத்தில் இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டாலோ, கிளாஸ் பி ஆகிவிடும். அதற்கு 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் உண்டு. நீங்கள் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டியது டி.பி.எஸ். கவுன்ட்டருக்கு அல்ல. பின்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் உங்களை நிறுத்தும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான். அதனால் இது தீரும்வரை ஸ்டியரிங் மனைவியிடமே இருக்கட்டும்.

ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு வாரண்ட் எப்படி வந்தது என்று குழம்பியிருப்பீர்கள். டிக்கெட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அல்ல, குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்கு வருவேன் என்ற வாக்குறுதிக்கு. வராததால் அந்த வாக்கை மீறியதே தனிக் குற்றமாகிறது. வேகத்துக்கு ஒரு வழக்கு, ஆஜராகாததற்கு இன்னொரு வழக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரண்ட். கோர்ட் அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் டாலஸ் பக்கத்துப் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். வீடு மாறினால் 30 நாளுக்குள் டி.பி.எஸ்.ஸில் முகவரி மாற்ற வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் வங்கிக்கும் அமேசானுக்கும் அன்றே மாற்றுவார்கள், இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அடுத்து, அது எந்த ரக வாரண்ட் என்று பாருங்கள். வழக்கு இன்னும் முடியாமல், ஆஜராகாததற்காகப் பிறப்பித்தது ஒரு ரகம். கோர்ட் தளத்தில் 'ஏலியஸ் வாரண்ட்' என்று இருக்கும். தீர்ப்பாகி, அபராதம் கட்டாததற்குப் பிறப்பித்தது இன்னொரு ரகம், அது 'கேப்பியாஸ் ப்ரோ ஃபைன்'. உங்களுடையது முதல் ரகமாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் இன்னும் எந்தப் பதிலும் சொல்லவில்லை. இது நல்ல செய்தி. வழக்கு திறந்தே இருக்கிறது, பேரம் பேச இடமிருக்கிறது.

தேடும்போது உங்கள் பெயரை எல்லா வரிசையிலும் போட்டுத் தேடுங்கள். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருப்பவர்களுக்கு டிக்கெட்டில் பெயர் முன்பின்னாக மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்து, விசாவில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று வந்தவர்களுக்கு அந்த மூன்று எழுத்தே முதல் பெயராகக் கோர்ட் பதிவில் ஏறியிருப்பதும் உண்டு. பெயரை நம்பாமல் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுத் தேடுவது உத்தமம். டி.பி.எஸ். தளத்தில் லைசென்ஸ் தகுதி பார்க்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் எண், பிறந்த தேதி, சோஷியலின் கடைசி 4 இலக்கம் கொடுத்தால் எந்தக் கோர்ட்டின் தடை என்று காட்டும். இரண்டு நகரத்தில் தடை இருந்து, ஒன்றை மட்டும் தீர்த்துவிட்டு லைசென்ஸ் வாங்கப் போய்த் திரும்பி வருவது வழக்கமாக நடக்கிறது.

பிறகு கோர்ட் கிளார்க்குக்குப் போன் செய்யுங்கள். போனில் யாரும் கைது செய்ய முடியாது. டிக்கெட்டின் தலைப்பில் இருக்கும் நகர முனிசிபல் கோர்ட்தான் உங்களுக்கு. ட்ரூப்பரோ ஷெரிஃபின் ஆளோ கொடுத்த டிக்கெட்டாக இருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற கவுண்டியின் சிறு வழக்குக் கோர்ட்டுக்குப் போயிருக்கும். வழக்கு எண்கள் என்ன, வாரண்ட் எந்த ரகம், ஒவ்வொன்றுக்கும் பாண்ட் தொகை (கோர்ட்டுக்கு வருவேன் என்பதற்கான பிணைத்தொகை) எவ்வளவு, முன்பதிவு இல்லாமல் ஜட்ஜைப் பார்க்கும் நாள் எது, டி.பி.எஸ்.ஸுக்குத் தகவல் போன வழக்கு எவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "இப்போதே கார்டில் கட்டிவிடுகிறீர்களா?" என்று அவர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஏன் என்றால், இந்த இடத்தில்தான் கணினித் துறை வேலையில் இருக்கும் பலர் அவசரப்படுகிறார்கள். நானூறோ ஐந்நூறோ, தொலைகிறது என்று இணையத்தில் மொத்தமாகக் கட்டிவிடுகிறார்கள். முழுத்தொகை கட்டினால் வாரண்ட் போய்விடும், உண்மைதான். ஆனால் கட்டுவது 'எதிர்க்கவில்லை' என்று பதில் சொன்னதற்குச் சமம். இரண்டு வழக்கிலும் குற்றம் உறுதியானதாகப் பதிவாகும். வேகத்துக்கான தீர்ப்பு ஓட்டுநர் பதிவில் ஏறி இன்சூரன்ஸ் கூடும். அதைவிட, ஆஜராகாத குற்றத்துக்கு ஒரு தீர்ப்பு உங்கள் பெயரில் நிற்கும். அடுத்த வருடம் குடியுரிமைப் படிவம் நிரப்பப் போகிற நீங்கள் அதை வீணாக வாங்கிக்கொள்ளக் கூடாது.

கட்டுவதற்குப் பதிலாக இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, அந்த நகரக் கோர்ட்டில் பழக்கமுள்ள ஒரு டிராஃபிக் வக்கீல். அவர் தன் பொறுப்பில் பாண்ட் தாக்கல் செய்வார், வாரண்ட் விலகும், விசாரணைத் தேதி விழும். நீங்கள் ஆஸ்டினிலிருந்து 200 மைல் போக வேண்டியதில்லை என்பதே இதில் பெரிய லாபம். இரண்டு வழக்குக்கும் சேர்த்து ஒரே கட்டணம் எவ்வளவு, பாண்ட் அதில் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நீங்களே போவது. இதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017இல் டெக்சஸ் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஆஜராகாததற்கான வாரண்ட் நிறைவேற்றப்படுவதற்கு முன் நீங்களாகக் கோர்ட்டுக்கு வந்து நல்லெண்ணத்தோடு அதைத் தீர்க்க முயன்றால் ஜட்ஜ் வாரண்டைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். 'பெறலாம்' என்றில்லை, 'பெற வேண்டும்' என்றே இருக்கிறது. அதே திருத்தம், வாரண்ட் பிறப்பிப்பதற்கு முன், 30 நாளுக்குள் ஆஜராக ஒரு தேதி குறித்துத் தபாலிலோ போனிலோ தகவல் சொல்லியிருக்க வேண்டும் என்றும் கோர்ட்டைக் கட்டுப்படுத்துகிறது. பழைய முகவரிக்கு அனுப்பியிருந்தாலும் அனுப்பியது அனுப்பியதுதான், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். வீடு மாறிய தேதியைக் காட்டும் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஜட்ஜின் முகம் கொஞ்சம் இளகும், அதற்கு மட்டும் அது உதவும்.

செவ்வாய் அல்லது புதன் காலை, கோர்ட் திறக்கும்போதே அங்கே இருங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் வேண்டாம். வழியில் யாராவது பிடித்தால் சனி ஞாயிறு உள்ளேயே கழியும். மனைவி ஓட்டட்டும். காலாவதியான லைசென்ஸோடு பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும், வாடகை ஒப்பந்தம், வழக்கு எண்கள் எழுதிய தாள், பணம் கட்ட ஒரு கார்டு எல்லாம் எடுத்துப் போங்கள். ஜன்னலில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே: என் பெயரில் வாரண்ட் இருக்கிறது, நானாகவே வந்திருக்கிறேன், ஜட்ஜைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். 'நானாகவே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், சட்டம் கேட்பது அதைத்தான். சில கோர்ட்டில் முதலில் முழு பாண்ட் தொகையையும் ரொக்கமாகக் கட்டச் சொல்வார்கள். கட்டினால் வாரண்ட் அங்கேயே விலகும், தேதி தருவார்கள், பணம் கடைசியில் அபராதத்தில் கழியும் அல்லது திரும்பும். ஆனால் அந்தத் தேதிக்கும் போகாமல் விட்டால் பணமும் போகும், தீர்ப்பும் விழும்.

ஜட்ஜிடமும் அரசு வக்கீலிடமும் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வேக வழக்குக்கு 'டெஃபர்டு டிஸ்பொசிஷன்': எதிர்க்கவில்லை என்று பதில் சொல்லி, செலவைக் கட்டி, அதிகபட்சம் 180 நாள் வேறு டிக்கெட் வாங்காமல் இருந்தால் வழக்கு தள்ளுபடியாகும், ஓட்டுநர் பதிவுக்குப் போகாது. கட்டுமான வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் இருக்கும்போது பிடிபட்டிருந்தாலோ, நீங்கள் வணிக வாகன லைசென்ஸ்காரராக இருந்தாலோ இது கிடைக்காது. ஓட்டுநர் பாதுகாப்பு வகுப்பு எடுத்துத் தள்ளுபடி வாங்கும் உரிமை ஆஜராகும் தேதியோடு போய்விட்டது, அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். டெஃபர்டு ஜட்ஜின் விருப்பம், கேட்டால்தான் கிடைக்கும். இரண்டு, வேக வழக்கு முடிவதால் ஆஜராகாத வழக்கைத் தள்ளுபடி செய்யும்படி அரசு வக்கீலிடம் கேளுங்கள். அவர் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவர் அல்ல. ஆனால் தானாக வந்தவர், இதற்கு முன் டிக்கெட் இல்லாதவர் என்றால் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

பணக் கணக்கு எப்படி ஏறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வேகத்துக்கு அபராதம் அதிகபட்சம் 200 டாலர், கோர்ட் செலவு தனி. ஆஜராகாததற்கு 500 வரை போகலாம். ஒவ்வொரு வாரண்டுக்கும் 50 டாலர். 706ஆம் அத்தியாயத்துப் பட்டியலில் ஏறிய ஒவ்வொரு வழக்குக்கும் 10 டாலர். இது 2020க்கு முன்னால் 30ஆக இருந்தது, பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் குழம்பாதீர்கள். 60 நாள் தாண்டி வெளி வசூல்காரரிடம் போனால் 30 சதவீதம் சேரும். உங்களுக்கு வந்த மிரட்டல் கடிதம் அந்த வகைதான். அது கோர்ட் உத்தரவு அல்ல, அதில் இருக்கும் தொகை முடிந்த தொகையும் அல்ல. ஜட்ஜ் வழக்கை எப்படி முடிக்கிறாரோ அதுதான் தொகை. கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் வருமானத்தைச் சொல்லித் தவணை, சமூகசேவை, குறைப்பு கேட்கலாம். அதை விசாரிப்பது ஜட்ஜின் கடமை.

இன்னொரு ரகம் கடிதமும் போனும் உண்டு. "உன் பெயரில் வாரண்ட், ஒரு மணி நேரத்தில் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்" என்பான். எந்தக் கோர்ட்டும் கிஃப்ட் கார்டு வாங்காது. உங்களுக்கு நிஜமாகவே வாரண்ட் இருப்பதால் இதில் நீங்கள் எளிதில் ஏமாறுவீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது என்று அச்சிட்ட தாளைக் கிளார்க்கிடம் கேட்டு வாங்காமல் வராதீர்கள், இரண்டு வழக்குக்கும் தனித்தனியாக. போலீஸ் காரில் இருக்கும் கணினியில் பழைய பதிவு சில நாள் நிற்கலாம், அதுவரை அந்தத் தாள் பர்ஸில் இருக்கட்டும். லைசென்ஸ் தடை விலகவும் சில வேலைநாள் ஆகும். கோர்ட் அனுப்ப வேண்டும், டி.பி.எஸ்.ஸில் ஏற வேண்டும். தகுதிப் பக்கத்தைத் தினம் ஒரு தடவை பாருங்கள். தெளிந்ததும் புதுப்பியுங்கள், 33 டாலர், 8 வருடம். காலாவதியாகி 2 வருடம் தாண்டிவிட்டால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முதலிலிருந்து. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் வரும்.

குடியுரிமை விஷயம். வருடங்களுக்கு முன் வாங்கிய டிக்கெட்டைக்கூட என்-400 படிவம் கேட்கும். மறைக்கக் கூடாது. ஆனால் மது, போதைப்பொருள் சம்பந்தமில்லாத, உண்மையில் கைது நடக்காத, 500 டாலருக்குக் குறைந்த அபராதத்தோடு முடிந்த போக்குவரத்து வழக்குக்கு ஆவணம் இணைக்க வேண்டியதில்லை என்று படிவத்தின் வழிமுறையிலேயே இருக்கிறது. 'கைது நடக்காத' என்பதைக் கவனியுங்கள். இன்று நீங்களாகப் போய் முடித்தால் இது வெறும் டிக்கெட். யாராவது விலங்கு போட்டுக் கொண்டுபோனால், அதே 57 மைல், கைதுப் பதிவோடு சேர்ந்து வரும். விரல் ரேகை எஃப்.பி.ஐ.க்கும் அங்கிருந்து குடிவரவுத் துறைக்கும் போகலாம். ஐடி கார்டுக்காக டி.பி.எஸ். கவுன்ட்டரில் துணிச்சல் காட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். எப்படி முடிந்தாலும் இரண்டு வழக்கின் முடிவுக்கும் சான்றளித்த நகல் வாங்கி வையுங்கள். நேர்காணலில் அதிகாரி கேட்டால் நீட்டலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கிளாஸ் சி எனப்படும், அபராதம் மட்டும் உள்ள வழக்குகளுக்குத்தான். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது குடித்துவிட்டு ஓட்டியது, வீட்டுச் சண்டை, கடைத் திருட்டு போன்ற வழக்கில் வாரண்ட் இருந்தால் இதில் ஒரு வரியைக்கூடப் பின்பற்ற வேண்டாம். கோர்ட் ஜன்னலுக்கும் போகாதீர்கள், டி.பி.எஸ்.ஸுக்கும் போகாதீர்கள், நாட்டை விட்டும் போகாதீர்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே எல்லைக் காவல் அதிகாரி அந்த வாரண்டைப் பார்ப்பார். முதலில் கிரிமினல் வக்கீல், கூடவே குடிவரவு வக்கீல். வெளிநாட்டுக் குடிமகனுக்குக் குற்ற ஒப்புதலால் நாடுகடத்தல் வருமா என்பதைச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2010இல், பாடில்லா வழக்கில், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்கிற வக்கீலை மாற்றுங்கள்.

சிகாகோ பயணத்துக்கு ஸ்டேட் ஐடி வேண்டாம். 2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு நட்சத்திரம் போட்ட ரியல் ஐடி வேண்டும் என்றானாலும், கிரீன் கார்டும் இந்திய பாஸ்போர்ட்டும் அங்கே செல்லும். கிரீன் கார்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே சட்டம், ஆகவே அதையே காட்டுங்கள். டி.பி.எஸ். தரும் தற்காலிகக் காகித ரசீதை விமான நிலையத்தில் ஏற்க மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். அப்பா அம்மாவுக்கும் இதே பதில்தான்.

அவர்களுக்குக் கார்டு எடுக்க நீங்கள் கூடப் போவதில் கவுன்ட்டரில் சிக்கல் இல்லை. விண்ணப்பதாரரின் விவரத்தைத்தான் பதிவார்கள், உடன் வந்தவரின் பெயரை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. ஆனாலும் வாரண்ட் தீர்ந்த பிறகு வரும்படியே தேதி வாங்குங்கள், காத்திருக்கும் நாளில் கோர்ட் வேலை முடிந்துவிடும். 60 வயது தாண்டியவர்களுக்கு 6 டாலர், அதற்குக் கீழ் 16. கிரீன் கார்டு, சோஷியல் செக்யூரிட்டி கார்டு, டெக்சஸ் முகவரிக்கு இரண்டு ஆவணம் கேட்பார்கள். பெற்றோர் பெயரில் கரண்ட் பில் இருக்காது என்பதால் இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வந்த வாரமே அவர்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, ஸ்டேட்மென்ட் தபாலில் வரும்படி செய்யுங்கள். இரண்டு ஆவணமும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருக்கக் கூடாது. கிரீன் கார்டிலும் சோஷியல் கார்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் அப்பாவின் தகப்பனார் பெயர் சேர்ந்து, இன்னொன்றில் சேராமல் இருந்தால் முதலில் சோஷியல் அலுவலகத்தில் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

டி.எல்-14ஏ படிவத்தை வீட்டிலேயே நீங்கள் படித்துக் காட்டி நிரப்புங்கள். அதில் அமெரிக்கக் குடிமகனா என்ற கேள்வியும், வாக்காளராகப் பதிய விருப்பமா என்ற கேள்வியும் இருக்கும். கவுன்ட்டரில் ஊழியர் வேகமாகக் கேட்கும்போது, புரியாமல் எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டுவது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். குடிமகன் அல்லாதவர் அந்த இரண்டுக்கும் ஆம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால் பொய்யாகக் குடியுரிமை கோரியதாகிவிடும். உங்கள் இரண்டு வாரண்டையும் ஒரு தாளும் சில நூறு டாலரும் தீர்த்துவிடும். இதை அப்படித் தீர்க்க முடியாது, கிரீன் கார்டுக்கே ஆபத்து. இரண்டிலும் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று, அவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் பாருங்கள். கணினித் திரையில் கையெழுத்து வாங்கும்போது இன்னொரு தடவை பாருங்கள்.